கல்லில் போட அம்மாவின் வயசு

8 ஜூன் 2025, ஞாயிறு

அம்மா போய் நாலு மாதம். ஆடி பிறப்பதற்குள் அப்பாவின் கல்லுக்குப் பக்கத்தில் அம்மாவுக்கும் சமாதிக் கல் நட வேண்டும் என்று அண்ணன் தீர்த்தகிரி காலையிலேயே வந்துவிட்டார். கல் கொத்தும் பஞ்சாட்சரம் அம்மா பிறந்த வருஷத்தைக் கேட்டாராம். அண்ணன் அம்மாவின் அடையாள அட்டையை நீட்டினார். 01.01.1960. அண்ணன் பிறந்ததே 1964! நாலு வயதில் பிள்ளை பெற்றாளா என் அம்மா? அட்டை எடுக்கும்போது கேட்டவரிடம் வாய்க்கு வந்த வருஷத்தைச் சொல்லியிருக்கிறாள், மகராசி.

"ஏதோ ஒண்ணு போடு ரேணுகா, யாரு வந்து எண்ணப் போறாங்க?" என்கிறார் அண்ணன். எனக்கு மனசு ஒப்பவில்லை. அங்கன்வாடியில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பிறந்த தேதி எழுதி வைக்கிறவள் நான். பெற்றவளுடையது தெரியவில்லை என்றால் வெட்கமாக இருக்கிறது.

11 ஜூன்

வேலூரிலிருந்து மகள் பூங்கோதை போன். மறுபடியும் அந்த வெற்றிச்செல்வன் பேச்சு, அவனைத்தான் கட்டிக்கொள்வாளாம். இவள் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியில்தான் அவனும் லேப்பில் வேலை பார்க்கிறான். நல்ல பையன், குடும்பமும் நல்ல குடும்பம். ஆனால் இவளை விட மூன்று வயது சின்னவன். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

"ஆயா இருந்தா இப்டி சொல்லியிருக்காது" என்று பாட்டியை இழுத்துச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

என் வீட்டுக்காரரைக் கேட்டால், "உன் இஷ்டம்." இருபத்தொன்பது வருஷமாக இதே பதில்.

12 ஜூன்

ஆயா அப்படிச் சொல்லியிருக்காதுதான். பொங்கல் சமயத்தில் அம்மா சொன்னாள்: "அந்தப் புள்ள இவள நல்லா பாத்துக்குமா? அத கேளு. சும்மா வயசு வயசுன்னுகினு." உனக்கு ஒன்றும் தெரியாது, வாயை மூடிக்கொண்டு இரு என்று கத்தினேன். அதன் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மூன்று வாரத்தில் போய்விட்டாள்.



15 ஜூன், ஞாயிறு

கேழ்வரகுக் கொல்லைக்குப் போகும் வழியில் ஓடை. அதைத் தாண்டும்போது ஒன்று ஞாபகம் வந்தது. அங்கே வந்தால் அப்பா எப்போதும் ஒரே வார்த்தைதான் கேட்பார்: "மங்கா, இப்ப நான் தூக்கட்டா?" அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். தண்ணீர் கணுக்கால் அளவு இருந்தாலும் கேட்பார். தண்ணீரே இல்லாத சித்திரையிலும் கேட்பார்! நான் எதற்கு என்று கேட்டால் அம்மா, "போடி, வேலய பாருடி" என்பாள்.

'இப்ப' என்றால்? அப்போது யார் யாரைத் தூக்கியது?

18 ஜூன்

அம்மாவோடு ஆடு மேய்த்த முத்தம்மாள் உயிரோடுதான் இருக்கிறாராம். மலைக்குக் கீழே சந்தவாசலில், மகன் வீட்டில். அம்மாவின் வயசு தெரிந்தவர் இனி அவர் ஒருத்தர்தான்.

22 ஜூன், ஞாயிறு

காலை பஸ்ஸைப் பிடித்து மலை இறங்கினேன். இரண்டு சீப்பு வாழைப்பழம், ஒரு ஹார்லிக்ஸ். முத்தம்மாளுக்குக் கண் மங்கல். காது பாம்புக் காது. என் குரலைக் கேட்டதும், "மங்கா பொண்ணா நீ? அவளாட்டமே பேசுற" என்று கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அம்மாவின் வயசைக் கேட்டேன். சிரித்தார்.

"எந்த வயசு? நான் ஊர்ல சொன்னதா, நெசமானதா?"

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் பெண்ணுக்கு ஏது சான்றிதழ்? கல்யாணம் பேச வந்தவர்கள் வயசைக் கேட்டால், கூட வளர்ந்தவள் நின்று சொல்வாள். அவள் சொன்னதுதான் வயசு. அம்மாவுக்காக நின்று சொன்னவர் முத்தம்மாள்.

"உங்கப்பன் ஊருல, பொண்ணு சின்னவளாத்தான் இருக்கணும்னாங்க. அவ ரெண்டு வயசு சின்னவதான்னு துணிஞ்சி சொல்லிட்டேன். நெசத்துல அவ ஆறு வயசு பெரியவ!"

ஆறு! எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்றேன்.

"நாங்க ரெண்டு பேரும் பன்னெண்டு வயசுல, ஒரே வாரத்துல வயசுக்கு வந்தோம். அந்த வருஷம் ஓடையில வெள்ளம். அக்கரையில வழி தப்பின பொடிப்பையன் ஒருத்தன், முன்பல்லு ரெண்டும் வுழுந்து, புருவத்துல ஒரு தழும்பு, அழுதுகினு நின்னான். கேட்டா ஆறு வயசுன்னான். மங்காதான் அவன இடுப்புல தூக்கினு தாண்டினா. அது யாரு? உங்கப்பன் கண்ணாயிரம்!"

பன்னிரண்டு வருஷம் கழித்து அவர் பெண் பார்க்க வந்தபோது அந்தப் புருவத் தழும்பை வைத்து அம்மா கண்டுபிடித்தாளாம். அதற்கு முன் வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் வேண்டாம் என்றவள், இவருக்கு உடனே தலையாட்டியிருக்கிறாள்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"இடுப்புல குந்திகினு வந்தத எவன் மறப்பான்?"

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் எனக்குத் தானாகச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் ஒரு மாதிரி பார்த்தார்.

29 ஜூன்

பள்ளிச் சான்றிதழ்படி அப்பா பிறந்தது 1944. அப்படியானால் அம்மா 1938. எண்பத்தேழு வயது வாழ்ந்திருக்கிறாள்.

அண்ணன் குதிக்கிறார். "ரெண்டு கல்லும் பக்கத்துல பக்கத்துல. பாக்கறவன் எண்ணிப் பாக்க மாட்டானா? ஊரே சிரிக்கும்!" மூன்று வாரத்துக்கு முன்னால் யார் எண்ணப் போகிறார்கள் என்று கேட்ட அதே வாய்.

ஆனால் எனக்கும் தயக்கம். அவள் அறுபது வருஷம் மூடி வைத்ததைக் கல்லில் திறந்து வைக்க நான் யார்? முத்தம்மாளுக்குப் போன் போட்டேன். "அவன யாரும் கிண்டல் பண்ணிடக்கூடாதுன்னுதான் மறைச்சா. இப்ப அவனும் இல்ல, அவளும் இல்ல. நானும் போய்ட்டா சொல்ல ஆளு ஏது? எழுதிடு கண்ணு."

4 ஜூலை

பஞ்சாட்சரத்திடம் 1938 என்று சொல்லிவிட்டேன். அண்ணன் பேசுவதில்லை.

13 ஜூலை, ஞாயிறு

கல் நட்டாயிற்று. அண்ணன் வந்தார். கல்லைப் பார்த்தார். அவரே பூ வைத்தார்.

பூங்கோதை என்னோடு சரியாகப் பேசாமலேதான் கற்பூரம் ஏற்றினாள். பிறகு கல்லைப் படித்தாள். மங்கம்மாள், 1938. பக்கத்துக் கல்லைப் படித்தாள். கண்ணாயிரம், 1944. மறுபடியும் அம்மாவின் கல்லுக்கு வந்தாள்.

"அம்மா... தப்பா வெட்டிட்டாங்களா?"

"இல்ல. சரியாத்தான் கீது."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அவளை நேராகப் பார்க்க முடியவில்லை. கல் மேல் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னேன்:

"அந்தப் புள்ளய அடுத்த ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வரச்சொல்லு. ஓடைப் பக்கமா கூட்டினு வா."