பச்சை ஒன்று, நீலம் ஒன்று

இன்வர்கார்கில்,
டிசம்பர் 9

அன்புள்ள நெட்டாவுக்கு,

ஃபெர்கஸ் எழுதுவது. இதைப் படித்து முடிக்கும்வரை புகை இழுக்கும் உன் வேப் கருவியைத் தொடாதே. நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். மூன்று நாளாகக் கூப்பிடுகிறேன். தீவில் சிக்னல் இல்லையோ, நீதான் எடுக்கவில்லையோ.

நீ படகுக்குக் கிளம்பிய காலையில் நம் நான்கு பேட்டரிகளும் சார்ஜரில் இருந்தன. பச்சை நாடா சுற்றியவை உன் ஜோடி, நீலம் என்னுடையது. என் முகத்தைப் பார்க்காமல், கையில் அகப்பட்ட இரண்டை உருவிக்கொண்டு போனாய். பிறகு பார்த்தால் இங்கே பச்சை ஒன்று, நீலம் ஒன்று. உன்னிடமும் அப்படித்தான் இருக்கும். கவனித்திருந்தாலும் "ஒண்ணும் ஆகாது, போ" என்றிருப்பாய்.

ஆகும். என் கருவி பக்க இணைப்பு. இரண்டும் சுமையைப் பங்கு போட்டுக்கொண்டு நெடுநேரம் ஓடும். உன்னுடையது தொடர் இணைப்பு. இரண்டின் வோல்டேஜும் கூடுவதால்தான் உனக்கு அத்தனை வேகம், அத்தனை புகை. ஆனால் ஒரே மின்னோட்டம் இரண்டின் வழியாகவும் போயாக வேண்டும். என் நீலம் மூன்று வருடக் கிழம். அது முதலில் தீர்ந்துபோகும். உன் புதுப் பச்சை விடாமல் அதையும் இழுக்கும். அப்போது கொதிக்கும், வெடிக்கவும் செய்யும்.

உன் தீவுப் பக்கம் படகில் போய்ச் சிங்கி இறால் பிடிக்கும் டக்கியிடம் விஷயத்தைச் சொன்னேன். "ஏன்டா, ஜோடியப் பிரிக்காதீங்கன்னு வர்றவன் போறவனுக்கெல்லாம் பாடம் எடுத்தியே, உன் வீட்லயே கோட்டை விட்டுட்டியா?" என்றான்.

நம் வேப் கடை பரவாயில்லை. மழைக்கு ஒதுங்குகிறவர்கள்தான் அதிகம். மதியம் பழக்கத்தில் சீஸ் ரோல் இரண்டு வாங்கிவிடுகிறேன், இரண்டாவது ஆறிப்போகிறது. என் கருவி அலமாரியில் சும்மா கிடக்கிறது. கடை நிறைய பேட்டரி இருக்கிறது, எடுத்துப் போட மனம் வரவில்லை.

தீவில் ஆறு வாரச் சமையல் வேலை என்றாய். நம் ஊர் டிசம்பர் கோடையில் ஆறு வாரத்துக்குக் கனத்த குளிர்கோட்டு எதற்கு என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கடைச் சாவியைத் தேடிக்கொண்டு நின்றேன்.

பேட்டரியைத் தபாலில் எடுக்க மாட்டார்கள். அதனால் டக்கியின் படகில் புது ஜோடி அனுப்புகிறேன், உன் பச்சை நாடாவையே சுற்றி. பழைய இரண்டையும் தனித்தனி டப்பாவில் போட்டு வை. டக்கியிடம் கொடுத்தனுப்ப வேண்டாம், அவன் எங்காவது தொலைத்துவிடுவான். நீயே கொண்டு வா.

கை கால் சுட்டுக்கொள்ளாமல் பத்திரமாக இரு.

உன்
ஃபெர்கஸ்