அப்பா ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை

பிளசன்டன்
14-11-1998

சௌபாக்கியவதி விஷாகாவுக்கு அம்மா ஆசீர்வாதம். ஹூஸ்டனில் நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டும், வயிற்றில் இருப்பது சமர்த்தாக வளர வேண்டும். இங்கேயும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், மனசு ஒப்பவில்லை. அப்பா பேச்சை எடுத்தாலே போனை வைத்துவிடுகிறாய், அதனால்தான் லெட்டர். கிழித்துப் போடாமல் கடைசி வரை படி.

அப்பா குடிக்கவில்லை. ஒரு நாளும் குடித்ததில்லை. போன மாதம் மறுபடியும் மயங்கி விழுந்தபோது ஒரு புது டாக்டர் பார்த்தார். ரத்தத்தில் இவ்வளவு ஆல்கஹால், மனுஷர் தொடவே இல்லை என்று அழுகிறாரே என்று அவருக்கு ஒருத்தருக்குத்தான் தோன்றியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஒரு நாள் முழுக்க உட்காரவைத்து, என்னைக்கூட உள்ளே விடாமல், சர்க்கரைத் தண்ணீர் மட்டும் கொடுத்து மணிக்கொரு தரம் ரத்தம் எடுத்தார்கள். ஆல்கஹால் ஏறிக்கொண்டே போனதாம். குடலில் ஏதோ ஈஸ்ட் மண்டிக் கிடக்கிறதாம், சாப்பிடுகிற சாதத்தையும் சர்க்கரையையும் அதுவே சாராயமாக்கிவிடுகிறதாம், ரொம்ப அபூர்வமான வியாதியாம். போதை தெளியட்டும் என்று நான்தானேடி தயிர்சாதம் பிசைந்து பிசைந்து போட்டேன்.

என்றைக்காவது இவர் தெளிவாக இருந்ததுண்டா என்று டாக்டர் கேட்டார். ஏகாதசி அன்று என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அன்றைக்குத்தான் சாதத்தைத் தொடமாட்டார். அந்த ஏகாதசியைக் காட்டித்தானே நாம் இரண்டு பேரும் அவரைக் குத்தினோம், பெருமாளுக்குப் பயந்து ஒரு நாள் இருக்க முடிகிறது, பெண்டாட்டி பெண்ணுக்காக முடியவில்லையா என்று. லிவர்மோர் கோயிலில் உன் கல்யாணத்தன்று, குடிகாரர் மடியில் உட்காரமாட்டேன் என்று பெரியப்பா மடியில் உட்கார்ந்து தாலி கட்டிக்கொண்டாய். நானும் சரி என்றேன். பெண்ணைப் பெற்றவர் பட்டினி இருக்க வேண்டும் என்று அவர் முதல் நாளிலிருந்தே பச்சைத் தண்ணீரோடு இருந்து, செருப்பு விடுகிற இடத்தில் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார். இன்றைக்கு மட்டும் எப்படி நிற்கிறார் பாருங்கோ என்று உன் பெரியம்மாவிடம் சொன்னேன். இந்த வாய் அழுகிப் போகாதா.

மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். சாதம், இனிப்பு கூடாது, இரண்டு வாரமாக ரத்தத்தில் ஒன்றும் இல்லை. நான் காலில் விழுந்தேன். எழுந்திரு, விஷாகாவுக்குச் சொல்லிட்டியா என்று மட்டும் கேட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. குடித்துவிட்டுக் கார் ஓட்டுகிறார் என்று ஃப்ரீவேயில் போலீஸ் பிடித்த பிறகு, வெளியே கிளம்பும்போது வாயை ஊதிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்று நான் சட்டம் போட்டிருந்தேனே, இன்று காலையும் ஷூவைப் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்று ஊதிக் காட்டினார். வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். பழகிப்போச்சு மீனா என்றார்.

இரும்புச்சத்து மாத்திரையை விடாதே, படி இறங்கும்போது பார்த்து இறங்கு. பெருமாள் உன்னையும் குழந்தையையும் காப்பாற்றட்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் பண்ணு. நான் எடுக்கமாட்டேன், அப்பாதான் எடுப்பார். அவர் குரலைக் கேட்டதும் வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
மீனாக்ஷி ஜம்புநாதன்