நூற்றுப் பதினெட்டு திரும்பிப் பார்க்கவில்லை

மார்ச் 4

படத்துக்காகத் தலையை மழித்துவிட்டார்கள். இருநூறு ஆண்டு கழித்து வரப்போகும் மெக்சிகோ நகரத்தில் எவருக்கும் முடி கிடையாது, பெயரும் கிடையாதாம். நான் 118. பக்கத்து வீட்டு எர்மினியா 117. துணை நடிகர்களைப் பிடித்துவரும் நிகனோருக்கு எந்தப் படத்திலும் எங்கள் பெயர் நினைவிருந்ததில்லை.

பதினெட்டு வருடமாகக் கூட்டத்தில் நிற்கிறேன். என் முகம் ஒருமுறைகூடத் திரையில் தெரிந்ததில்லை. தெரிந்தால் முகம் வெந்துபோச்சு என்பார்கள். பிறகு மாதக்கணக்கில் கூப்பிட மாட்டார்கள். முகம் இல்லாததுதான் என் பிழைப்பு.

மார்ச் 5

விடியலில் எர்மினியா வழக்கம்போல் நடுச்சுவரில் மூன்று தட்டுத் தட்டி எழுப்பினாள். நாள் முழுக்க ஒத்திகை. கால் மாறாமல் நடக்க வேண்டும்; யார் விழுந்தாலும் பார்க்கக் கூடாது. பார்த்தால் வேலை போய்விடும்.

மார்ச் 6

எர்மினியா விழுந்தாள். எனக்கு நேர் முன்னால்.

நடிப்பு என்று நினைத்தேன் — பொய். யாரிடம் அளக்கிறேன், என் நோட்டிடமா? தலை தரையில் மோதிய சத்தம் கேட்டது. தாண்டிப் போனேன். இயக்குநர் அற்புதம் என்று கைதட்டினார்.

கட்டுப் போட்ட தலையோடு கேட்டாள்: "என்னைத் தாண்டிப் போன மூதேவி யாருடி?"

அவள் விழுவதற்குச் சற்று முன்தான், இடைவேளையில், வரிசையை மாற்றியிருந்தார்கள். பின்னால் வந்தது நான் என்று அவளுக்குத் தெரியவில்லை. நான் கடைசி வரிசை என்றேன்.

மார்ச் 7

கதாநாயகன் மனிதன் வெறும் எண் அல்ல என்று முழங்கினான். ஒவ்வொரு முறையும் அவனுக்குக் குளிர்ந்த தண்ணீர் வந்தது. எங்களுக்கு மதியம்வரை ஒரு சொட்டு இல்லை. பிறகு அதே காட்சி. விழுவதற்கென்றே ஒருத்தியை அழைத்து வந்திருந்தார்கள். விழுந்தாள். என் கால் நகரவில்லை. குனிந்து தூக்கினேன்.

"நூத்திப் பதினெட்டு, உனக்கென்ன கிறுக்கா?" என்றான் நிகனோர்.

"என் பேரு அம்பாரோ."

வெளியே அனுப்பிவிட்டான். ஒரு நாள் பிந்திய வீரம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

மார்ச் 9

முன்பின் தெரியாதவளையே தூக்கினவள், பக்கத்தில் இருந்திருந்தால் என்னை விட்டிருப்பாளா என்று எர்மினியா தெருவெல்லாம் பெருமை பேசுகிறாள். இப்பவே சொல்லிடு அம்பாரோ. சொல்லேன்டி.

ஜூன் 2

ஆள் பஞ்சம், நிகனோர் மறுபடி கூப்பிடுகிறான். முடி இரண்டு விரற்கடை வளர்ந்திருக்கிறது. இன்னும் சொல்லவில்லை.

நவம்பர் 14

படம் வந்துவிட்டது. எர்மினியா டிக்கெட் எடுத்து இழுத்துப் போனாள். நான் குனிந்து தூக்கியது படத்தில் இல்லை. முந்தின நாள் எடுத்ததுதான் இருந்தது. கீழே அவள் கிடக்கிறாள். தாண்டுகிறேன். பிறகு திரை முழுக்க என் முகம்.

அவள் மிளகாய்ச் சாறு ஊற்றிய சோளப்பொரியை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். திரும்பும் பேருந்தில் சொன்னாள்:

"என் செருப்பு ஒண்ணு கழண்டு கிடந்துச்சு. அதைப் பார்த்து, மிதிக்காமத் தாண்டியிருக்கே."

நவம்பர் 17

நிகனோர் போன் செய்தான். முகம் வெந்துபோச்சு, ஆறு மாசம் வராதே என்றான். எர்மினியாவின் உச்சந்தலை மட்டும்தான் தெரிந்ததாம். அவளுக்கு நாளை வேலை உண்டு.

துணி துவைக்கும் தொட்டியருகே அவளைப் பிடித்தேன். "தெரிஞ்சுதான் போனேன். பயந்துட்டேன்." உத்தரவு போட்டார்களே என்பது நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டேன். அவள் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள்.

நவம்பர் 18

விடியலிலேயே விழிப்பு வந்துவிட்டது. எனக்கு எங்கும் போக வேண்டியதில்லை. அவளுக்குப் போக வேண்டும். நடுச்சுவரில் மூன்று தட்டுத் தட்டினேன்.

வெகுநேரம் கழித்து அந்தப் பக்கமிருந்து ஒரு தட்டு.