நல்ல ஸ்பீக்கரில் கேட்டது

அன்புள்ள மகனுக்கு,

உன் அப்பா தன் கையாலேயே எழுதிக்கொள்வது. நீயும் உன் மனைவியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம், சுகமா இல்லையா என்பதை முழுவதும் படித்துவிட்டு நீயே சொல். யார் எழுதிக் கொடுத்தது என்று யோசிக்காதே, ஒவ்வொரு எழுத்தும் என்னுடையதுதான். நூலகத்து மாடியில் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது, அங்கே போய்ப் படித்தேன். காலமெல்லாம் கரண்டி பிடித்துச் சுவர் பூசிய கைக்குப் பேனா கனமே இல்லாமல் இருக்கிறது, அதனால் அழுத்திப் பிடித்து இரண்டு பேனாவை உடைத்துவிட்டேன். இப்போது பேருந்தின் நெற்றியில் இருப்பதை யாரையும் கேட்காமல் படித்து ஏறுகிறேன். இருமல் மருந்துப் புட்டியில் நன்றாகக் குலுக்கிவிட்டுக் குடிக்கவும் என்று போட்டிருக்கிறது, இத்தனை வருஷமாக நாம் குலுக்காமலே குடித்திருக்கிறோம் என்று உன் அம்மாவிடம் சொன்னேன், அதான் உங்க இருமல் என்கூடவே குடும்பம் நடத்துது என்றாள். இந்தச் சந்தோஷத்தைத்தான் முதல் கடிதத்தில் உனக்கு எழுத நினைத்திருந்தேன். எழுத உட்கார்ந்தபோது விஷயம் வேறாகிவிட்டது.

அம்மாவுக்குக் காது மந்தமாகிக்கொண்டே வருவது உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை உன் வாய்ஸ் மெசேஜ் வந்ததும் போனைக் காதில் வைத்து அழுத்திக்கொள்வாள், அவளுக்கு அது டப்பாவுக்குள் எறும்பு ஊர்கிற மாதிரிதான் கேட்கும். நீ சொன்னதை நான் உரக்கத் திருப்பிச் சொல்வேன். நீங்க சொன்னா அது உங்க குரல்தானே, உங்க குரலைக் கேட்டுக் கேட்டுத்தான் காதே போச்சு என்பாள். போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்ததே, அதை உனக்கு அவளே சொன்னாள், நான் போனைப் பிடித்துக்கொள்ள அவளே வாயைக் கிட்டக் கொண்டுபோய்ப் பேசினாள். அடுத்த ஞாயிறு உன் பதிலில் காலையில தினமும் நடங்கம்மா, கையை நல்லா வீசி நடங்க என்று சொல்லியிருந்தாய். மாவுக்கட்டு போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் அதைக் கேட்டாள். நம்ம போன் ஓட்டை, நான் பேசினது அவனுக்குச் சரியாப் போய்ச் சேரலை, அவன் பேசுறதும் நமக்குச் சரியா வரலை என்று முடிவு கட்டினாள். அன்றைக்குத்தான் ஸ்பீக்கர் வாங்குவது என்று தீர்மானித்தேன்.

பக்கத்து வீட்டு எலக்ட்ரீசியன், நாங்கள் ஷாக் என்று கூப்பிடுவோமே, அவன்தான் கூட வந்தான். கடையில் இருந்த பெண் இரண்டு ஸ்பீக்கரை எடுத்து வைத்தாள். பெட்டியில் இருந்ததை நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன், எனக்குப் பின்னால் ஒரு வரிசை நின்றது, நின்றால் நிற்கட்டும் என்று கடைசி வரிவரை படித்தேன். சின்னது உள்ளங்கை அளவு, பொத்தானை அழுத்தியதும் போனோடு ஒட்டிக்கொள்கிறது, போனை எடுத்துக்கொண்டு கடை வாசலுக்குப் போனாலும் விடுவதில்லை, ஆனால் சத்தம் ஜலதோஷம் பிடித்த ஆள் பேசுகிற மாதிரி. பெரியது ஒவ்வொரு தடவையும் போனைத் தேடித் தேடித்தான் பிடிக்கிறது, நடுவில் ஒரு சுவர் வந்தால் விட்டு விட்டுப் பேசுகிறது, ஆனால் சத்தம் அப்படி ஒரு சுத்தம். ஷாக் சின்னதைத்தான் வாங்கச் சொன்னான், மாமா கனெக்‌ஷன்தான் முக்கியம், ஒட்டாத ஸ்பீக்கர் எவ்வளவு நல்லாப் பாடினா என்ன, கோவிச்சுக்கிட்டுப் போன பொண்டாட்டி மாதிரிதான் என்றான், அவனுக்கு அனுபவம் இருக்கிறது. நான் இரண்டையும் விரலால் தட்டிப் பார்த்தேன், பூச்சு சுவரில் பிடித்திருக்கிறதா என்று தட்டிப் பார்த்தே பழக்கம். ஐயா என்ன தர்பூசணியா வாங்குறீங்க என்று அந்தப் பெண் சிரித்தாள். பாட்டு போட்டுக் காட்டட்டுமா என்று கேட்டாள், பாட்டு வேண்டாம்மா, இதைப் போடு என்று உன் மெசேஜைக் கொடுத்தேன். சின்னதில் உன் சித்தப்பா மகன் பேசுகிற மாதிரி இருந்தது. பெரியதில் நீ பேச ஆரம்பித்ததும் நான் திரும்பிப் பார்த்துவிட்டேன், பின்னால்தான் நிற்கிறாயோ என்று. அப்புறம் என்ன யோசனை. உன் அம்மா போனைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடப்போகிறாள், நாற்காலி பக்கத்தில் ஒரே பலகையில் போனையும் ஸ்பீக்கரையும் வைத்துவிட்டால் கனெக்‌ஷன் எதற்கு அறுகிறது. பெரியதையே வாங்கினேன்.

வீட்டில் போட்டதும் அவள் நல்ல கையை எடுத்து ஸ்பீக்கர்மேல் வைத்துக்கொண்டாள், சத்தம் கையிலும் தெரிகிறதாம். என் புள்ளைக்குக் குரல் தடிச்சிருக்கு, அவங்கப்பா குரல் வந்துடுச்சு பாவம் என்று சிரித்தாள். பழையதையெல்லாம் போடுங்க, இதுவரைக்கும் நான் ஒண்ணுமே கேட்கலை என்றாள். ஒவ்வொன்றாகப் போட்டேன். இங்கே விடாத மழைம்மா, தொப்பலா நனைஞ்சு வந்தேன் என்று நீ சொன்னதற்குப் பின்னால் டொக் டொக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அது தரையில் ஓடு பதிக்கிறவன் ரப்பர் சுத்தியலால் தட்டுகிற சத்தம், எனக்குத் தெரியாதா. அடுத்த வாரத்தில் வெயில் கொளுத்துதும்மா என்றாய், அதன் பின்னாலும் அதே டொக் டொக். ஒரு அறைக்கு இத்தனை வாரமா, இவன் என்னைவிடச் சோம்பேறி என்று நான்கூடச் சொன்னேன், அவளும் சிரித்தாள். அதற்கு அடுத்தது, கையை வீசி நடக்கச் சொன்னது. அதிலும் அதே சுத்தியல். நீ பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் உன் மனைவியின் குரல் தூரத்தில் கேட்டது. இன்னும் எத்தனை பாக்கி, சாப்பாடு ஆறுது என்று கேட்டாள். இது போக ரெண்டுதான், முடிச்சுட்டு வந்துடறேன் என்றாய். அப்புறம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அம்மா எப்படி இருக்கீங்க என்று ஆரம்பித்தாய்.

உன் அம்மா ஸ்பீக்கரிலிருந்து கையை எடுக்கவில்லை. என்னங்க ரெண்டு பாக்கி என்று கேட்டாள். ஆபீஸ் வேலையாக இருக்கும் என்றேன். இன்னொரு தடவை போடச் சொன்னாள், போட்டேன். அப்போ நான் பேசினது அவனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கு என்றாள். துணி மடிக்க எழுந்து போனாள், ஒற்றைக் கையால் மடித்தாள், நான் மடிக்கப் போனதற்கு வேண்டாம் என்றாள்.

நீ பெரிய வேலையில் இருக்கிறாய், உனக்கு நேரம் இல்லை என்பது எனக்குப் புரியாத விஷயம் இல்லை. நான் உன்னைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த நாட்களைவிடச் சாரத்தில் தொங்கிய நாட்கள்தான் அதிகம். ஆனால் உட்கார்ந்து ஒரே மூச்சில் எல்லா ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்துப் பேசி வைத்துவிட்டு, வாரத்துக்கு ஒன்றாக எடுத்து அனுப்புகிறாயே, சிமெண்டைக்கூட நாங்கள் அன்றன்றைக்குத்தான் குழைப்போம், நேற்றையது கல்லாகிவிடும். அந்த மழையை எங்கேயிருந்து கொண்டுவந்தாய். ஜன்னலை மூடிக்கொண்டு ஒரு அறைக்குள் உட்கார்ந்து நீ பெய்ய வைத்த மழைக்கு, அவன் தலையைத் துவட்டினானோ இல்லையோ, சின்ன வயசிலேயே சளி பிடிக்கும் என்று அவள் அந்த வாரம் முழுக்கப் புலம்பினாள். குடை இருக்கா என்று கேட்டு உனக்கு அனுப்பச் சொன்னாள், நான் அனுப்பினேன். அவள் கேட்ட ஒன்றுக்கும் பதில் வராதது ஏன் என்று இப்போதுதான் விளங்குகிறது, நீ திறந்துகூடக் கேட்கவில்லை.

போன ஞாயிறும் வந்தது. அப்புறம் கேட்கலாம் என்று தள்ளிவிட்டாள். சாயங்காலம் காபியை வைத்துவிட்டு, ஏங்க, இதைக் கொடுத்துட்டு அந்தச் சின்னதை மாத்திட்டு வாங்களேன், அதுல அவன் குரல் மட்டும் வரும்னு சொன்னீங்களே என்றாள். நான் அப்படிச் சொல்லவே இல்லை. சத்தம் மட்டம் என்றுதான் சொன்னேன். பக்கத்தில் இருந்த ஷாக், பார்த்தீங்களா மாமா, அத்தைக்குத்தான் விவரம் தெரியுது, கனெக்‌ஷன் அதுலதான் சூப்பர் என்றான், அவனுக்கு ஒன்றும் தெரியாது, அவன் பேரில் எனக்குக் கோபம் இல்லை. எதுவும் கேட்காமல் போன காலத்தை உன் அம்மா திரும்ப வாங்கி வரச் சொல்கிறாள்.

நான் மாற்ற மாட்டேன். நீ சொன்ன கணக்குப்படி இன்னும் ஒன்று மிச்சம் இருக்க வேண்டும், அதை அனுப்பாதே. நேரம் இல்லை என்றால் இந்த வாரம் நேரம் இல்லைம்மா என்று சொல், அதைத் தாங்க அவளுக்குத் தெம்பு இருக்கிறது. பேசுவதானால் கூப்பிட்டுப் பேசு, இந்த ஸ்பீக்கரில் அழைப்பும் வரும், போனோடு சேர்க்க நானே பழகிக்கொண்டேன். அவள் பேசி முடிக்கும்வரை காத்திரு, அவளுக்குக் கேட்கவும் நேரமாகும், பதில் சொல்லவும் நேரமாகும். இந்தக் கடிதம் எழுதியது அவளுக்குத் தெரியாது, வகுப்புக்கு எழுதிப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள், உங்க கையெழுத்து கோழி நடந்த மாதிரி இருக்கு என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள், நல்லவேளை அவளுக்குப் படிக்கத் தெரியாது. கை எப்படி இருக்கிறது என்று அவளிடம் கேள். நான் சொல்லித்தான் கேட்கிறாய் என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரிய வேண்டாம்.

நோய்நொடி இல்லாமல் இருவரும் நூறாண்டு இருங்கள், அந்த ஆசீர்வாதத்தில் நான் குறை வைக்கவில்லை.

மறந்துவிடாதே, முறிந்தது வலது கை. மாற்றிக் கேட்டுவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா