வெயில் நாளில் வந்த தண்ணீர்

அன்பு மதினி, என் செண்பகம் மதினி,

ஜெயித்துவிட்டோம். மற்ற விசேஷமெல்லாம் பிறகு. நீங்க கண்ணை மூடி இரண்டு வருஷம் கழித்து, கடல் கடந்த ஒரு ஊரில், உலகத்து நாடுகளெல்லாம் கூடியிருந்த மண்டபத்தில், உங்க கையெழுத்து ஜெயித்துவிட்டது. இதைச் சொல்லாமல் நலம் விசாரித்து ஆரம்பிக்க எனக்குப் பொறுமை இல்லை.

என் தமிழ் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீங்க. மலையாளம் என்றால் மளமளவென்று எழுதிவிடுவேன். ஆனால் சங்கரன்கோவிலில் இருந்து எங்க அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, முப்பது வருஷம் மட்டாஞ்சேரியில் குடியிருந்தும், நீங்க தமிழைத் தவிர வேறு ஒன்றும் படிக்கப் பழகவில்லையே. பஸ்ஸில் போர்டு படிக்கத் தெரியாமலே இந்த ஊரை ஆண்டவர் நீங்க. இந்தக் கடிதத்தை இன்னும் பல பேர் படிக்கப் போகிறார்கள், மதினி. அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்லிக்கொண்டே போகிறேன்.

நம்ம வீடு வாய்க்கால் ஓரம். கார்த்திகை பிறந்தால், இந்த ஊர்க்காரர்களுக்கு விருச்சிகம், விடியற்காலையில் கடல் பொங்கி வாய்க்கால் வழியே ஏறும். சாக்கடைக்குள் புகுந்து நம்ம அடுப்படியில் வந்து நிற்கும். அதற்கு மழையும் வேண்டாம், புயலும் வேண்டாம். வானம் கழுவிவிட்டது போல இருக்கும், வீட்டுக்குள் உப்புத் தண்ணீர் நிற்கும். வேலியேற்றம் என்பார்கள். நீங்க வந்த புதுசில் வருஷத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ வந்தது. பிறகு எண்ணிக்கை விட்டுப்போனது. எண்ணிக்கையை விடாதவர் நீங்க ஒருத்தர்தான்.

அது எப்படி ஆரம்பித்தது என்று நினைவிருக்கிறதா? தெருப் பெண்களோடு ஒரு அலுவலகத்துக்கு முறையிடப் போனோம். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், "என்றைக்கு வந்தது, எவ்வளவு வந்தது, ஏதாவது எழுதி வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். நம்மிடம் ஒன்றும் இல்லை. திரும்பி வந்தீங்க. வந்த கையோடு சுவரில் தொங்கிய மாதக் காலண்டரில் ஒரு பென்சிலைக் கட்டித் தொங்கவிட்டீங்க.

அன்றிலிருந்து பதினோரு வருஷம். காலையில் மாநகராட்சித் துப்புரவு வேலைக்குக் கிளம்புமுன் கட்டத்துக்குள் ஒரு வரி எழுதாமல் நீங்க படி இறங்கியதில்லை. 'கணுக்கால்.' 'கெண்டைக்கால்.' 'முட்டு.' உங்க காலே அளவுகோல்.

நான் கேலி செய்தேன். மட்டாஞ்சேரி மசாலாக் கடையில் வெள்ளைக்காரர்களுக்கு ஏலக்காய் விற்று இங்கிலீஷ் பேசப் பழகியவள் இல்லையா, எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பு. "இதை எல்லாம் யார் பார்க்கப் போறா மதினி?" என்று கேட்டேன்.

"யாரும் பாக்கணும்னா எழுதுறேன்? எனக்கு மறந்துரக் கூடாது. அவ்வளவுதாம்ளா."

ஒரு தடவை வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று இரண்டு பழைய காலண்டரைத் தூக்கிப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன். நீங்க வேலை முடிந்து வந்து, கேள்விப்பட்டு, யூனிபார்மைக்கூட மாற்றாமல் சுள்ளிக்கல் வரைக்கும் ஓடி, அவர் வண்டியைக் கவிழ்த்துத் தேடி எடுத்து வந்தீங்க. தெருவே பார்க்க என்னைத் திட்டினீங்க. மூன்று நாள் நான் உங்களோடு பேசவில்லை. அந்த மூன்று நாளும் உங்களுக்கு எப்படி இருந்தது என்று நான் கேட்டதே இல்லை.

பிறகு எலிக்காய்ச்சல் வந்தது. வெடித்த பாதத்தோடு அந்தத் தண்ணீரில் நின்று நின்று வந்த காய்ச்சல். ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள் காலையில் கொஞ்சம் தெளிந்தீங்க. அண்ணனையோ என்னையோ பார்த்து வேறு ஒன்றும் கேட்கவில்லை.

"இன்னைக்குத் தண்ணி எதுவரைக்கும்?"

"முட்டு வரைக்கும் மதினி."

"எழுதினியா?"

எழுதிட்டேன் என்றேன். பொய். சாயந்திரம் உங்களைக் கொண்டுவந்து கிடத்தி, எல்லோரும் அழுதுகொண்டிருந்தபோது, நான் அடுப்படிக்குப் போய் அந்தக் கட்டத்தில் 'முட்டு' என்று எழுதினேன். அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு என்னால் உங்க முகத்தைப் பார்த்திருக்க முடியாது.

உங்க முப்பதாம் நாள் கழிந்து, கடல் படிப்பு சொல்லித் தரும் ரெஜினா டீச்சர் நம்ம தெருவுக்கு ஏதோ கணக்கெடுக்க வந்தார். நம்ம வீட்டுக் காலண்டரைப் பார்த்தவர் கீழே உட்கார்ந்துவிட்டார். பழையது அத்தனையும் கேட்டு வாங்கிக்கொண்டு போய், துறைமுகத்தில் கருவி வைத்து அளந்த கடல் மட்டத்தோடு நாள் நாளாக ஒத்துப் பார்த்தார். ஒரு மாதம் கழித்து வந்து சொன்னார்: "கலே, கருவி ரெண்டு தடவை ரிப்பேர் ஆயிருக்கு. செண்பகம் சேச்சி ஒரு நாள்கூட ரிப்பேர் ஆகலை."

அவர் சொல்லித்தான் எனக்கு அந்த மாநாட்டைப் பற்றியே தெரியும். பூமி சூடாவதால் அடிபடும் நாடுகளுக்கு உதவ ஒரு பெரிய நிதி ஏற்பாடு செய்கிறார்களாம். எந்த அடி சேரும், எந்த அடி சேராது என்று வரிவரியாகப் பேசித் தீர்மானிப்பார்களாம். புயல் சேரும், வெள்ளம் சேரும். சத்தம் இல்லாமல் ஏறிவரும் கடல் சேருமா என்பதில்தான் இழுபறி. டீச்சரும், இதே தண்ணீர் ஏறும் இடக்கொச்சிப் பெண்களும், நம்ம தெருவும் சேர்ந்து அமைத்த குழுவின் சார்பாகப் பார்வையாளராகப் போக இரண்டு இடம் கிடைத்தது. இங்கிலீஷ் பேசுகிறவள் என்று என்னை அனுப்பினார்கள், டீச்சரும் கூட வந்தார். பாஸ்போர்ட் போட்டோவுக்கு உங்க மாம்பழ மஞ்சள் சேலையைத்தான் கட்டினேன். கோபப்படாதீங்க.

அங்கே அவர்கள் வழக்கம் ஒன்று சொல்கிறேன், கேளுங்க. எல்லா நாடும் ஒத்துக்கொள்ளாத வார்த்தைகளைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டு வைப்பார்கள். கடைசி நாளுக்குள் குறியை எடுத்தால் வார்த்தை பிழைக்கும். எடுக்காவிட்டால் வார்த்தையே போய்விடும். பெரிய திரையில் அந்த வரியைப் பார்த்தேன்: 'புயலோ பெருமழையோ இன்றி, மெல்ல ஏறும் கடலால் நேரும் இழப்பும்.' முன்னும் பின்னும் குறி. நம்ம வீட்டையே அடைத்து வைத்த மாதிரி இருந்தது மதினி.

முதல் இரண்டு நாள் சுவர் ஓரம் உட்கார விட்டார்கள். மூன்றாம் நாள் பேச்சு சூடானதும் பார்வையாளர்கள் வெளியே போகலாம் என்றார்கள். இவ்வளவு தூரம் வந்து, கதவுக்கு வெளியே கம்பளத்தில் உட்கார்ந்திருந்தேன். மடியில் உங்க காலண்டர் கட்டு.

தண்ணீர் குடிக்க வெளியே வந்த ஒரு பெண் என் முன்னால் நின்றாள். என் வயதுதான் இருக்கும். மேரே என்று பெயர். ஒரு சின்னத் தீவு நாட்டுக்காகப் பேச வந்தவள்.

"இது என்ன?" என்று கேட்டாள்.

"எங்கள் வீட்டுக்குள் கடல் வந்த நாட்கள்."

பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு கட்டமாக விரலை வைத்து அர்த்தம் கேட்டாள். எழுதியது அம்மாவா என்றாள். இல்லை, அண்ணன் மனைவி என்றேன். புரட்டப் புரட்ட அவள் முகம் மாறியது. "உள்ளே ஒருவர் காலையிலிருந்து ஒரே கேள்வியைக் கேட்கிறார். மழையும் காற்றும் இல்லாத நாளில் கடல் வீட்டுக்குள் வந்தது என்று யார் அளந்து வைத்திருக்கிறார்கள் என்கிறார். நீ வந்து பதில் சொல்வாயா?"

மறுநாள் காலையில் மேரே தன் நாட்டுக் குழுவின் ஆலோசகர்களாக என் பெயரையும் டீச்சர் பெயரையும் சேர்த்துவிட்டாள். கழுத்து அட்டையின் நிறம் மாறியது. முந்தின நாள் என்னை வெளியே அனுப்பிய அதே காவலர், "வாங்க மேடம்" என்று கதவைத் திறந்து பிடித்தார். அந்த நடையை நீங்க பார்த்திருக்கணும் மதினி!

கேள்வி கேட்டவர் ஒரு பணக்கார நாட்டுக்காரர். உயரமானவர், மரியாதையானவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். "அளக்க முடியாததை எழுத முடியாது" என்பது அவர் பேச்சு. மேரே உங்க காலண்டரின் ஒரு பக்கத்தைத் திரையில் போட்டாள். சுவர் அளவுக்கு உங்க எழுத்து. அப்புறம், கடையில் வாடிக்கையாளர் முன்னால் நிற்பதாக நினைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

"திங்கள், கெண்டைக்கால். செவ்வாய், முட்டு. புதன், முட்டு."

அவர் குறுக்கிட்டார். "மன்னிக்கணும். அந்த நாட்களில் மழை பெய்யவில்லை என்று எப்படித் தெரியும்?"

அந்தக் கட்டங்களில் நீங்க தண்ணீர் அளவோடு, வேலை முடிந்து வந்து வேறு என்னென்னவோ எழுதியிருந்தீங்க. வீட்டு விஷயம் என்று வெட்கப்பட்டு நான் வாசிக்காமல் விட்டிருந்தேன். வேறு வழி இல்லை. வாசித்தேன்.

"திங்கள், கெண்டைக்கால். மொட்டை மாடியில் மல்லி காயப்போட்டேன். செவ்வாய், முட்டு. மிளகாய் காயப்போட்டேன், நல்ல வெயில். புதன், முட்டு. மிளகாய் காய்ந்துவிட்டது, அள்ளியாச்சு."

ஆப்பிரிக்க நாட்டு அம்மா ஒருவர் வாய்விட்டுச் சிரித்து மேஜையைத் தட்டினார். "மழையில் யாரும் மிளகாய் காயப்போட மாட்டார்கள்!" அறை முழுக்கச் சிரிப்பு. அந்த உயரமானவரும் சிரித்துவிட்டார். ஆனால் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"வியாழக்கிழமையில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டார்.

பார்த்தேன். 'கணுக்கால். வெயில். கலா இன்னைக்கும் பேசலை.'

அப்படியே சொன்னேன். அது அந்தப் பழைய பேப்பர் சண்டை வாரம் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அத்தனை நாட்டுக்காரர்கள் முன்னால், நம்ம வீட்டு அடுப்படியில் நீங்க தனியாக நின்று அந்த வரியை எழுதுவது என் கண்ணில் தெரிந்தது. மேரே என் முதுகில் கை வைத்தாள். ரெஜினா டீச்சர் எழுந்து, துறைமுகக் கருவியின் அளவையும் உங்க அளவையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினார்.

"இதை எழுதச் சொன்னது யார்?" அவருடைய கடைசிக் கேள்வி.

"யாரும் சொல்லவில்லை. தண்ணீர் வந்தது, எழுதினார்."

தன் தலைநகரத்தோடு பேச அவகாசம் கேட்டார். மறுநாள் மத்தியானம் கூட்டத் தலைவர் அந்த வரியை நிதானமாக வாசித்தார். ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். நான் அந்த உயரமானவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பேனாவை மூடிக் கீழே வைத்தார். திரையில் முதல் குறி மறைந்தது, அப்புறம் இரண்டாவது. கடைசி நாள் பெரிய மண்டபத்தில் எல்லா நாடும் இருக்க, தீர்மானம் நிறைவேறியது என்று தலைவரின் சுத்தியல் விழுந்தது. மேரே என்னைத் தூக்கியே விட்டாள். நான் லேசான ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அவ கையெழுத்து அங்க தெரிஞ்சுதா?"

"சுவர் பெருசுக்கு அண்ணே."

"எழுத்துப் பிழை இருந்திருக்குமே?"

"இருந்துச்சு."

"யாரும் ஒண்ணும் சொல்லலியே?"

"இல்லண்ணே."

"சரி, சாப்பிட்டியா?" என்றார். நீங்க போன பிறகு அவர் குரலில் அந்தத் தெம்பை நான் கேட்டதில்லை.

ஊருக்கு வந்தால் தெருவே வாய்க்கால் பாலத்தில் நிற்கிறது. அடுத்த வீட்டு நபீசாத்தா நெய்ச்சோறு வைத்துவிட்டு, "கலே, நம்மள் ஜெயிச்சல்லோ!" என்று கட்டிக்கொண்டார். உங்க கூட வேலை பார்த்தவர்கள் ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு வந்திருந்தார்கள். அண்ணன் ஒவ்வொருவருக்கும் தன் கையால் சாயா ஊற்றிக் கொடுத்தார்.

கடல் அடங்கிவிட்டதா என்று கேட்காதீங்க. அடங்கவில்லை. இந்தக் கார்த்திகையிலும் அடுப்படிக்கு வந்தது. ஒரு வரி வீட்டைத் தூக்கி வைக்காது, எனக்குத் தெரியும். ஆனால் முன்பு நாம் அலுவலகங்களுக்குப் போய் நின்றோம். இப்போது அதிகாரிகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நம்ம தெருவுக்கு வந்து அளக்கிறார்கள். மட்டாஞ்சேரியும் இடக்கொச்சியும் நிதிக்கான முதல் விண்ணப்பத்தில் இருக்கின்றன. தரையை உயர்த்துவது, வாய்க்கால் வாயில் மடை போடுவது, எல்லாம் படமாகவே வரைந்தாயிற்று. நீங்க இருந்து பார்த்திருக்கக் கூடாதா?

இன்னொன்று. அந்த நிதியை யாருக்கு எப்படிக் கொடுப்பது என்று முடிவு செய்யும் குழுவில், அடிபட்ட ஊர்களில் இருந்தும் ஆட்கள் உட்கார வேண்டும் என்று மேரே போராடி வாங்கியிருக்கிறாள். நம்ம பக்கத்துக்கு என் பெயரைச் சொன்னார்கள். அண்ணனைக்கூடக் கேட்காமல் சரி என்று சொல்லிவிட்டேன்.

போய் உட்காருவேன் மதினி. பெரிய பேச்சைக் கேட்டு மிரள மாட்டேன். கால் நனையாதவர்கள் மட்டும் பேசித் தீர்க்க விட மாட்டேன். நம்ம தெருவில் கடைசி வீட்டுத் தரை உயரும் வரைக்கும் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன். இது உங்க மேல் சத்தியம், இந்தத் தடவை பொய் இல்லை.

உங்க நாத்தனார்,
கலாவதி
மட்டாஞ்சேரி