கழலாத மூக்குத்தி

அக்கா,

குனிந்து உட்கார்ந்தால் இடுப்பில் குத்துகிறது. அரைஞாண் கயிற்றில் முடிந்து வைத்திருக்கும் உன் மூக்குத்திதான். இந்தப் பள்ளிக்கூடத்துப் பெஞ்சுகளுக்கு ஐந்தாம் வகுப்பிலேயே என்னைத் தாங்க முடியாமல் போனது உனக்குத் தெரியும். இப்போது லயத்து வரிசை வீடுகளின் ஜனம் முழுவதையும் அவைதான் தாங்குகின்றன. மழை விடவில்லை. நம் வீடுகளுக்குப் பின்னால் மலை வெடித்திருக்கிறது. வெடிப்புக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தேன், அடி தட்டுப்படவில்லை. மற்றவர்களிடம் தோள் வரை என்று சொல்லியிருக்கிறேன். உனக்கு முழங்கை போதும்.

மலையைப் பார்க்க வந்த அதிகாரி சிங்களத்தில் பேசினார். தமிழில் எடுத்துச் சொல்ல என்னை விட்டால் தோட்டத்தில் யார் இருக்கிறார்கள்? ஊற்றுத் தண்ணீர் கலங்கினால், மரம் சாய்ந்தால், நாய் வீட்டுக்குள் வர மறுத்தால் உடனே கிளம்புங்கள், சாமான் எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள் என்றேன். நாய் மட்டும் என் சேர்க்கை. மறுநாள் எந்த நாயும் வீட்டுக்குள் வரவில்லை. சோற்றைக் காட்டிக் கூப்பிட்டோம். வாசலில் நின்று மலையையே பார்த்தன. மலை சரிந்து லயங்களே புதைந்த மீரியபெத்தையை இந்தப் பக்கத்தில் யார் மறப்பார்கள்? எல்லோருக்கும் முன்னால் மூட்டை கட்டியவன் நான்தான். வழிகாட்டுவதற்காக என்று சொல்லிக்கொண்டேன்.

"திரும்பிப் போகாதீங்க, இதத்தானே பாஸ்டரும் சொல்றாரு," என்றாள் பக்கத்தில் வந்த ஒருத்தி. அப்போதிலிருந்து உன் நினைப்பாகவே இருக்கிறது.

மாமா செத்து நீ தனியான பிறகுதான் ஜெபவீட்டுக்குப் போகத் தொடங்கினாய். எல்லாச் சாமிக்கும் என்னை நன்றாகத் தெரியும், யாருக்கும் என் மேல் கோபமில்லை என்று நானும் சில ஞாயிறுகளில் பின்வரிசையில் வந்து உட்கார்ந்தேன். முடிந்ததும் டீயும் பணிஸும் கிடைக்கும். பாஸ்டர் பண்டாரவளைப் பையன். ஒல்லி உடம்பு, ஆனால் கடைசி நாளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தகரக் கூரை அதிரும்.

"காலையில பெரட்டுக் களத்துல பேரு கூப்பிடுறாங்கதானே? அது மாதிரி ஒரு நாள் எக்காளம் ஊதும். அதுதான் கடைசிப் பெரட்டு. கொழுந்துக் கூடைய எறக்கி வச்சிட்டு வாறேன்னு சொல்ல நேரம் கெடைக்காது."

அப்போதெல்லாம் யாரும் இருமக்கூட மாட்டார்கள். ஒரு ஞாயிறு நகையைப் பற்றிப் பேசினார்.

"தங்கம் மண்ணோட சொத்து. மண்ணு தன் சொத்த விடாது. அத ஒடம்புல வச்சிருக்கவங்க கூரை ஒசரத்துக்கு எழும்புவாங்க, திரும்ப மண்ணுலயே விழுவாங்க."

அன்றைக்கே தோட்டைக் கழற்றினாய், சங்கிலியைக் கழற்றினாய். உலகத்தைப் பார்த்தது போதும் என்று டீவியை எனக்குத் தந்தாய். உன் ஆத்துமாவுக்காக அந்தப் பாரத்தை நான் ஏற்றுக்கொண்டேன். மூக்குத்தி மட்டும் நின்றுவிட்டது. சிவப்புக் கல், உள்ளே திருகாணி. "கழலுதில்ல பாஸ்டர்," என்றாய். கழலும் வரைக்கும் அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கிற பந்திக்கு வர வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார்.

அந்த மாதங்களில் நீ சரியாகச் சாப்பிடவில்லை. பந்தி நடக்கும்போது வெளியே வந்து நிற்பாய். பனி உன்னை மூடிவிடும். முக்காடு மட்டும் வெள்ளையாகத் தெரியும்.

"பந்தியில எடமில்லாதவளுக்கு அந்தப் பெரட்டுல மட்டும் பேரு இருக்குமாடா?" என்று ஒருநாள் கேட்டாய். எனக்குப் பொறுக்கவில்லை.

தேயிலை ஃபெக்டரியில் ரோலர் மிஷின்மேல் காதை வைத்தே அதன் நோயைச் சொல்பவன் நான். பெரிய துரையே தொப்பியைக் கழற்றிவிட்டு என்னிடம் யோசனை கேட்ட காலம் உண்டு. சின்னக் குறடு, சவர்க்காரம், நூல் எல்லாம் எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன். ஜன்னல் பக்கம் உட்கார வைத்தேன்.

"மெதுவாடா."

"மெதுவாத்தான். வாச்சுக்குள்ள இருக்க ஆணியவே கழட்டுனவன் நானு."

"அந்த வாச்சு ஓடுச்சா?"

"அது வாச்சோட பிரச்சன."

குறடு உன் மூக்கைத் தொடுவதற்குள், "அய்யோ, உசுரு போகுதுடா," என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய். கொழுந்து பறித்த விரல், இரும்பு மாதிரி. எனக்கும் கையிலிருந்த குறட்டைக் கீழே வைக்கத்தான் மனம் வந்தது. ஆனால் தோற்றுப் போனேன் என்று தோட்டத்தில் போய் எப்படிச் சொல்வது?

அடுத்த ஞாயிறு பாஸ்டர் எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டார்: "நீங்க மிஷின் வேலை தெரிஞ்சவரு அண்ணே. கழட்ட ஏலுமா, ஏலாதா?"

நான் எழுந்து நின்றேன். "பாஸ்டர் ஐயா, துருப்பிடிச்ச டிரையர் போல்ட்டெல்லாம் இந்தக் கையப் பாத்தாலே கழண்டுரும். இது கழலல. மரை எலும்போட ஒட்டிப் போச்சு. மூனு குறடு ஒடஞ்சிருச்சு. இனி உசுரு போனாத்தான் அது கழலும்."

"மொதல்ல அந்தாளு வாயக் கழட்டுங்க," என்றாள் பெண்கள் பக்கத்தில் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். பாஸ்டர் சிரிக்கவில்லை. உன்னை நெடுநேரம் பார்த்தார்.

"கர்த்தர் அறிவார். சகோதரி பந்திக்கு வரலாம். ஆனா ஒன்னு, தகுதியில்லாமக் குடிக்கிறவங்க தங்களுக்கு நியாயத்தீர்ப்பத்தான் குடிக்கிறாங்க."

என் வாய் உன்னைப் பந்தியில் உட்கார வைத்தது, அக்கா. அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான். கிண்ணத்தை வாங்கும்போது தளும்பி வெள்ளைச் சேலையில் ஒரு சொட்டு விழுந்தது. எவ்வளவு துவைத்தும் அந்தச் சிவப்பு போகவில்லை.

அதற்குப் பிறகு, மலையில் இடி இடித்தால் முந்தானையை இழுத்து மூக்கை மூடிக்கொள்வாய். தங்கத்தைக் கண்டால் மின்னல் இறங்கும் என்ற பயம் என்று நினைத்துக் கேலி செய்தேன்.

"மேல இருந்து பாக்குறாங்கடா," என்றாய். அப்போதும் சிரித்தேன்.

அந்த மூக்குத்தி வாங்கிய நாளில் உன்னோடு பதுளைக்கு வந்தவன் நான். உனக்குக் கல்யாணம் பேசியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கைக்காசுக்குக் கொழுந்து பறித்து, யாரிடமும் கேட்காமல் நீயே சேர்த்து வாங்கியது. பஜார் நகைக்கடையில் மாட்டிவிட்டு ஆளுயரக் கண்ணாடி முன்னால் நிறுத்தினார்கள். நம் வீட்டில் உள்ளங்கை அளவு கண்ணாடி, அதுவும் உடைந்தது. நீ முழுதாக உன்னைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"நான் இப்பிடியாடா இருக்கேன்?" என்று கேட்டுச் சிரித்தாய். கடைக்காரர் தராசை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். கடைத்தெருவே நின்றது என்று பின்னால் பலரிடம் சொல்லியிருக்கிறேன். தெரு நிற்கவில்லை. ஆனால் நின்றிருந்தாலும் தப்பில்லை.

நீ போன அன்றும் இதே மாதிரி மழை. மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்தாய், எழும்பவில்லை. குளிப்பாட்டப் போன என் பெண்சாதி என்னை உள்ளே கூப்பிட்டாள்.

"இங்க வாங்க. சத்தம் போடாமப் பாருங்க."

அவள் இரண்டு விரலால் தொட்டு ஒரு திருப்புத் திருப்பினாள். மூக்குத்தி அவள் கையில் வந்து விழுந்தது. மரை பளபளவென்று இருந்தது. தேங்காயெண்ணெய் வாசம்.

"நேத்துக்கூட எண்ண போட்டிருக்காங்க," என்றாள்.

கதவைச் சாத்திவிட்டுக் கழற்றியிருக்கிறாய், துடைத்திருக்கிறாய், எண்ணெய் போட்டுத் திரும்ப மாட்டியிருக்கிறாய். ஒவ்வொரு இடிக்கும் எதை மூடினாய் என்பது அப்போதுதான் விளங்கியது. நியாயத்தீர்ப்பைத்தான் குடிக்கிறோம் என்று நம்பிக்கொண்டே குடித்திருக்கிறாய். கண்ணாடியில் சிரித்த அந்தப் பெண்ணை மட்டும் கொடுக்க உனக்கு மனம் வரவில்லை.

"பொட்டியில போட்டுருவமா? அவங்க ஆசப்பட்டது," என்று கேட்டாள்.

"வேணாம். எக்காளம் ஊதுனா லேசா எழும்பட்டும்," என்று வாங்கி அரைஞாணில் முடிந்துகொண்டேன். வெளியே வந்து, மூச்சு அடங்கிய நொடியில் ஒரு வெளிச்சம் இறங்கியது, திருகாணி தானாகச் சுழன்றது, கண்ணால் கண்டேன் என்றேன். பாஸ்டர் அழுதுவிட்டார். இப்போது அது பெரிய சாட்சி. அக்கரப்பத்தனை வரைக்கும் தெரியும் என்கிறார்கள். சொல்வது நான்தான்.

இன்று காலையும், பயந்துபோன ஜனத்துக்குத் தைரியமாக இருக்கும் என்று பாஸ்டர் அதைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். இந்த முறை வெளிச்சத்தோடு ஒரு சத்தத்தையும் சேர்த்தேன், மலைக்கு உள்ளிருந்து எக்காளம் மாதிரி. எல்லோரும் ஆமென் என்றார்கள்.

பிறகு மேலே பார்க்கப் போனவர்கள் நனைந்துகொண்டு திரும்பி வந்தார்கள். வெடிப்பு வீடுகளை விட்டுவிட்டுக் கல்லறைப் பக்கம் திரும்பியிருக்கிறதாம். உன் சிலுவை சாய்ந்துவிட்டதாம். அந்த இடத்து மண் ஒரு ஆள் உயரம் இறங்கியிருக்கிறதாம். சொன்னவன் கதை கட்டத் தெரியாதவன். அவன் கடைசியாகச் சொன்னான்: "மலைக்குள்ள ஊதுற மாதிரி ஒரு சத்தம் கேக்குது."

பாஸ்டர் முழங்காலில் விழுந்தார். எல்லோரும் விழுந்தார்கள். நான் பெஞ்சிலேயே இருந்தேன். மண் தன் சொத்தை விடாது என்றாரே, அது உன்னிடம் வந்து தோண்டித் தேடுகிறதோ என்று தோன்றியது. மூக்குத்தி அங்கே இல்லை என்று எழும்பிப் போய்ச் சொல்லவும் முடியாது. திரும்பிப் போகாதீர்கள் என்று ஜனத்துக்குச் சொன்னவனே நான்தான்.

ஆகவே இந்தத் தாளில் எழுதுகிறேன். பேர் கூப்பிட்டால் நின்று யோசிக்காதே அக்கா, கிளம்பிவிடு. யாராவது மூக்கைப் பார்த்துக் கேட்டால் தம்பியிடம் இருக்கிறது என்று சொல். கூரை உயரத்துக்குக்கூட நான் எழும்ப மாட்டேன், பரவாயில்லை. என் பெண்சாதியிடம் கொஞ்சம் தேங்காயெண்ணெய் கேட்டிருக்கிறேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. இந்த ஈரத்தில் மரை இறுகிவிடும்.

மறுபடியும் இடிக்கிறது. பேனாவைப் பிடித்த கை இதுதான். மற்றக் கையால் இடுப்பை மூடியிருக்கிறேன்.