போகிப் படையலில் ஒரு கிறிஸ்துமஸ் கேக்

எனக்கு அம்மாவுக்கு அம்மாவாக இருந்த ரோசம்மா அக்காவுக்கு,

நீ காரைக்காலில் இருக்கிறாயா, அல்லது... எப்படி எழுதுவது? ஜப்பான்காரன் வந்ததிலிருந்து கடலுக்கு அந்தப் பக்கம் தபால் கிடையாது. செத்தவர்களும் உயிரோடிருப்பவர்களும் இப்போது எனக்கு ஒரே தூரத்தில்தான். "லேசாக மூச்சு வாங்குகிறது, பயப்படாதே" என்று கடைசியாக எழுதியிருந்தாய். இரண்டு வருஷமாகப் பயந்துகொண்டிருந்தேன். போன வாரம் அந்தப் பயம் நின்றுவிட்டது. அது எப்படி என்று கேள்.

உன் ரவை கேக்கை நானே செய்தேன். சிரிக்காதே. ரவைக்குப் பதில் மரவள்ளி மாவு, வெண்ணெய்க்குப் பதில் தேங்காயெண்ணெய், திராட்சைக்குப் பதில் உலர்ந்த வாழைப்பழம். முட்டைக்குப் பதிலாகத்தான் எதுவும் அகப்படவில்லை. அதைத் தேடி அலைந்ததில் கிறிஸ்துமஸ் போய்ப் போகியே வந்துவிட்டது.

மலாக்காவில், காஜா பேராங்கில் என் வீடு, தலைமுறைகளாக இங்கேயே வாழும் செட்டிகளின் கம்பத்தை, அதாவது குடியிருப்பை, ஒட்டி இருக்கிறது. அவர்கள் கும்பிடுவது நம் ஊர்ச் சாமிகளை, பேசுவது மலாய். போகியன்று இறந்தவர்களுக்கு இலை போட்டு, அவரவருக்குப் பிடித்ததை வைத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருப்பார்கள். அடுத்த வீட்டு மீனாட்சி பீபிக் (வயதான பெண்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) நான்கு வாத்து முட்டை தந்தார், கேக்கில் ஒரு துண்டு படையலுக்கு வேண்டும் என்று சொல்லி.

சட்டிக்கு அடியிலும் மூடிமேலும் தணல் போட்டுச் சுட்டு எடுத்துப் போனேன். பீபிக் விரலால் தட்டிப் பார்த்தார்.

"வீடு கட்டவா தம்பி இது?"

"செத்தவங்களுக்குப் பல் வலிக்காது பீபிக்."

"சாப்பா சூக்கா?" என்றார். யாருக்குப் பிடிக்கும் என்று அர்த்தம். என் வாய் சும்மா இருக்குமா? உன் பெயரைச் சொன்னேன். ஒரே மத்தியானத்தில் நீ அரை கேக்கைத் தின்ற கதையையும் சொன்னேன். நீ உயிரோடிருப்பவள் என்பதை மட்டும் சொல்லவில்லை. சாம்பிராணிப் புகைக்குள் நின்று அவர் தாத்தா, அத்தை என்று வரிசையாகக் கூப்பிட்டு, கடைசியில் "ரோசம்மா" என்றபோதுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் கதவைச் சாத்திவிட்டார்.

வாசலில் காத்து நின்றோம். உள்ளே இலை ஒருமுறை சரசரத்தது. காற்று என்று நினைத்துக்கொண்டேன். ஜன்னலும் சாத்தியிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

திறந்தபோது சோறு, மீன், பலகாரம் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. கேக் துண்டின் நடுவில் மட்டும் ஒரு பெருவிரல் குழி. வெந்ததா என்று நீ அழுத்திப் பார்ப்பாயே, அப்படி. அரிவாள்மனையில் நுனி போன உன் விரலைப் போலவே குழியின் அடி தட்டையாக இருந்தது. பக்கத்தில் என் விரலை வைத்து அழுத்தினேன். இறங்கவில்லை.

"பீபிக், எங்க அக்கா உயிரோட இருக்காங்க. சொல்ல மறந்துட்டேன்."

அவர் என்னையே பார்த்தார். "உயிரோட இருக்கிறவங்க கூப்பிட்டா வரமாட்டாங்க தம்பி" என்று மலாயில் மெதுவாகச் சொல்லி, துண்டை என் கையில் வைத்தார். படைத்ததை உறவுக்காரர்தான் சாப்பிட வேண்டுமாம்.

எலியாக இருக்கும் என்றேன். எந்த எலிக்குப் பெருவிரல் இருக்கிறது? நம் மாதா கோயில் சாமியாரிடம் கேட்கலாம். முதலில் என்னைத் திட்டுவார், பிறகு கேக் மீதம் இருக்கிறதா என்பார்.

வீட்டுக்கு வந்து துண்டோடு உட்கார்ந்திருந்தேன். தின்றால் நீ போய்விட்டாய் என்று ஒப்புக்கொண்டதாகும். தின்னாமலிருக்க என் வயிறு விடவில்லை. குழியை விட்டுச் சுற்றிலும் கடித்தேன். கடைசியில் அதையும் வாயில் போட்டேன். அந்த ஒரு வாய் மட்டும் வெண்ணெய் மணத்தது. இன்றைக்கு மலாக்காவில் யாரிடம் அக்கா வெண்ணெய் இருக்கிறது?

அடுத்த போகிக்கும் சுடுவேன். பீபிக் கூப்பிட வேண்டாம். நானே உன் பெயரைச் சொல்லிக் கதவைச் சாத்துகிறேன். அன்றைக்கு நீ வராமல் இருந்துவிடேன். வைத்த துண்டு வைத்தபடியே கிடந்தால், அதைக் கட்டிக்கொண்டு அழுவேன், சந்தோஷத்தில்.

உன் கடைசித் தம்பி,
சவரிமுத்து